பதியாத வரவு

‘ஆன்லைன் கிளாஸ்ல யாருங்க சாதி பாக்கறாங்க? எல்லாரும் ஒரே ஸ்கிரீன்லதானே இருக்காங்க?’ என்கிறார்கள் படித்த நண்பர்கள். ஊர், சேரி என்ற பிரிவினையைக் கணிப்பொறி ஒழித்துவிட்டதாம்!

பொய். 2021 ஏப்ரல். காரக்பூர் ஐ.ஐ.டி.யின் ஆயத்த வகுப்பு ஆன்லைனில் நடக்கிறது. தலித், பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான வகுப்பு. ஆசிரியை திரையிலேயே கெட்ட வார்த்தையால் ஏசினார். எந்த அமைச்சகத்துக்கு வேண்டுமானாலும் புகார் எழுதிக்கொள்ளுங்கள் என்று சவால் விட்டார். வகுப்பறை மாறியது, வாய் மாறவில்லை. ஆனால் அந்தப் பேச்சு பதிவாகி வெளியே வந்தது. அடுத்த மாதம் பணியிடை நீக்கம். நம் அப்பனும் பாட்டனும் பள்ளிக்கூடத்தில் வாங்கிய வசவுக்குச் சாட்சி ஏது?

அப்படியானால் பதிவு இருந்தால் போதுமா? போதாது, தோழர்களே.

எங்கள் அமராவதி அணைத் தண்ணீர் போகிற வழியில்தான் கொமரலிங்கம் இருக்கிறது. அந்த ஊர்ப் பையன், பொறியியல் மாணவன் சங்கர், 2016 மார்ச் 13 அன்று மனைவி கௌசல்யாவோடு உடுமலையில் துணி எடுத்துவிட்டு வரும்போது பட்டப்பகலில் வெட்டிச் சாய்க்கப்பட்டான். கேமரா பதிந்தது. போனுக்குப் போன் ஓடியது.

2020 ஜூனில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. பனியன் கம்பெனி ஷிப்டுக்கு அப்பனோடு வீட்டின் ஒரே போனும் போய்விடும். பாடத்துக்காகப் பிள்ளைகள் ராத்திரிவரை காத்திருந்தார்கள். அதே போனில்தான் ஜூன் 22 அன்று உயர்நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. கௌசல்யாவின் தந்தை விடுதலை, ஐந்து பேருக்குத் தூக்கு ஆயுளாகக் குறைப்பு.

அந்தப் போனின் பாடத்தில் சங்கர் இல்லை. வீடியோவில் இருக்கிறான், வெட்டுப்பட்டவனாக. அவன் எந்தப் பாடத்தில் திணறினான், எதில் ஜெயித்தான் என்று அந்தக் கேமராவுக்குத் தெரியுமா? ‘படிச்சுக் காதலிச்சா இதான் கதி’ என்று மிரட்ட ஆதிக்க சாதிக்கு அந்த வீடியோ போதும். நாமும் அதையே அனுப்பிக்கொண்டிருந்தால் அவன் வேலையை நாம் செய்கிறோம் என்று அர்த்தம்.

பள்ளியில் பியூன் ஊற்றினால்தான் தண்ணீர் என்றிருந்ததை அம்பேத்கர் தன் கையால் எழுதி வைத்தார். அதனால்தான் அந்தத் தாகம் இன்றைக்கும் நம் நாக்கில் இருக்கிறது.

வங்கியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் சொல்கிறேன்: பதியாத வரவு வரவே அல்ல. மாணவர்களே, உங்கள் கையிலும் போன் இருக்கிறது. வசவைப் பதியுங்கள், தேதி போட்டு. வாங்கிய மார்க்கையும் பதியுங்கள். சங்கரோடு படித்தவர்களே, அவன் உட்கார்ந்த பெஞ்சைப் பற்றி எழுதுங்கள்.