மதத்தைத் தொட்டதும் மறைகிற சாதி

யானைக்கவுனி பாலத்துக்கு இந்தப் பக்கம், வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் ஒரு பிரவுசிங் கடை. நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ‘சாதிச் சான்று, வருமானச் சான்று, பான் கார்டு எடுத்துத் தரப்படும்’ என்று ஒரு போர்டு. எங்கள் தெருப் பையன் ஒருவன் அங்கே உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தான். பேங்கில் வேலை செய்கிறவனுக்கு எல்லா பாரமும் தெரியும் என்று தெருவில் ஒரு நம்பிக்கை. போனேன்.

திரையில் ஒரு விண்ணப்பம். மதம் என்ற கட்டத்தில் ‘கிறிஸ்தவர்’ என்று தேர்ந்தெடுத்தால், கீழே வகுப்பு என்ற கட்டத்தில் பொது, பிற்படுத்தப்பட்டோர், பழங்குடி என்று மூன்றுதான் நிற்கின்றன. ‘இந்து’ என்று மாற்றினால் நான்காவதாகப் பட்டியல் சாதி முளைக்கிறது. மறுபடி கிறிஸ்தவர், மறுபடி காணோம். விளையாட்டுப் போல நாலைந்து தடவை மாற்றி மாற்றிக் காட்டினான்.

“பாத்தியாண்ணா, மதத்தைத் தொட்டா சாதி பூடுது. நம்ம தெருவுல மட்டும் ஏன் போவ மாட்டேங்குது?”

எனக்கு அப்போது பதில் வரவில்லை. பிறகு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் தெரிந்த தோழர்கள் பொறுத்துக்கொள்ளவும், தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இன்றைக்கு ஒவ்வொரு பாரத்தையும் யாரும் கையால் கட்டம் போட்டு உருவாக்குவதில்லை. முதலில் ஒரு குறிப்பு எழுதுகிறார்கள். அதற்கு ஸ்கீமா என்று பெயர். என்னென்ன விவரம் வேண்டும், ஒவ்வொன்றும் எழுத்தா எண்ணா தேதியா, எது கட்டாயம், எத்தனை எழுத்து வரலாம், எந்தப் பட்டியலிலிருந்து மட்டும் பதில் வரலாம், ஒரு பதில் இன்னதாக இருந்தால் அடுத்த கேள்வி எப்படி மாற வேண்டும், இவ்வளவும் அதில் வரிவரியாக இருக்கும். நாம் பார்க்கிற பாரத்தை ஒரு புரோகிராம் அந்தக் குறிப்பைப் படித்துத் தானே வரைந்துகொள்கிறது. குறிப்பில் ஒரு வரி மாறினால் நாடு முழுக்க பாரம் மாறும். நாம் நிரப்பியது செல்லுமா என்று பார்ப்பதும் அதே குறிப்பை வைத்துத்தான். இது வேலிடேஷன். ஒழுங்காகச் செய்தால் இரண்டு இடத்தில் நடக்கும். முதலில் நம் எதிரே திரையில், சிவப்பு எழுத்தில் அதட்டல். அதைக் கெட்டிக்காரப் பையன்கள் ஏமாற்றிவிடுவார்கள். ஆனால் பின்னால் சர்வரில் இன்னொரு முறை பார்த்துத் திருப்பி அனுப்பும். கோபுர வாசலில் ஒரு காவல், கருவறைக்கு முன்னால் இன்னொரு காவல்.

சும்மா சொல்லக் கூடாது, இதில் நமக்கு நன்மையும் உண்டு. சாதிச் சான்றுக்காக என் அம்மா ஒரு கிளார்க்கின் மேசை முன்னால் அரைநாள் நின்றதையும், அவர் தலையைத் தூக்காமலே “எந்தச் சேரி?” என்று கேட்டதையும் நான் மறக்கவில்லை. திரை அப்படிக் கேட்பதில்லை. காகிதக் காலத்தைப் பொற்காலமாக்கிக் கண்ணீர் விடும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிப்ரவரி 31-இல் பிறந்ததாக எழுதினால் தடுக்கத்தான் வேண்டும். கேள்வி அதுவல்ல. இந்தப் பையனைத் தடுத்த வரியை எழுதியது யார்?

புரோகிராமர் இல்லை. அவன் ஏதோ ஓர் ஐ.டி. கம்பெனியில் சொன்னதைத் தட்டியிருக்கிறான். அந்த வரி 1950 ஆகஸ்ட் 10 அன்று எழுதப்பட்டது. அன்றைய குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதம் அல்லாத மதத்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்கிறது. அதாவது, அனுமதிக்கப்பட்ட மதங்களின் பட்டியலில் ஒரே ஒரு பெயர். 1956-இல் சீக்கியர் சேர்ந்தார்கள், இரண்டு. 1990-இல் பௌத்தர் சேர்ந்தார்கள், மூன்று. இன்றுவரை மூன்றுதான். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. பழங்குடிக்கு இந்த மத நிபந்தனை இல்லை, அதனால்தான் திரையில் அந்தப் பெயர் மறையாமல் நின்றது. சாதிப் பட்டியலுக்குள்ளே போய்ப் பார்த்தால் ஊர் நிபந்தனையும் இருக்கிறது: பரவர் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் பட்டியல் சாதி, மற்ற இடத்தில் இல்லை. ‘இன்னது என்றால் இன்னது’ என்ற கட்டளை கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் மேல் எழுதப்பட்டாயிற்று. ஸ்கீமா அதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி படி எடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

யானைக்கவுனியிலிருந்து என்.எஸ்.சி. போஸ் சாலையில் நடந்தே போனால் ரத்தன் பஜார் முனை வரும். அந்த முனையில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது மற்றவர்களுக்குக் கிடைத்தது, இவருக்கு இல்லை. காரணம், மதம். அதே தெரு, அதே ஊசி, அதே வெயில். சூசை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1985 செப்டம்பர் 30 அன்று தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதன் கொடுமை புதிய மதத்திலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும், அது நிரூபிக்கப்படவில்லை என்றது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்த பிறகும் தலித்துகளைத் தனியாகப் பிரித்து வைக்கிற சுவரை யாரும் நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாதல்லவா.

சூசை தோற்றார். ஆனால் வழக்குப் போட அவர் கையில் ஏதோ இருந்தது. ஒரு அரசாணை இருந்தது. தனக்கு மறுக்கப்பட்டது என்று காட்ட ஒரு மறுப்பு இருந்தது. அதனால்தான் நாற்பது வருஷம் கழித்தும் அவர் பெயரைச் சொல்லி நாம் வாதாடுகிறோம்.

நம் பையன் கையில் என்ன இருக்கிறது? அவன் விண்ணப்பமே செய்யவில்லை. விண்ணப்பிக்க மெஷின் விடவில்லை. விண்ணப்ப எண் கிடையாது, நிராகரிப்புக் கடிதம் கிடையாது, காரணம் கிடையாது. இப்படித் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஒருத்தரும் இல்லை என்று அரசாங்கம் தைரியமாகச் சொல்லலாம், அது பொய்யும் ஆகாது. தீண்டாமை எதிரே நின்று ‘போ’ என்று சொன்ன காலத்தில் சொன்னவன் முகம் தெரிந்தது. இங்கே கதவு இருந்த இடத்தில் சுவர் இருக்கிறது, சுவரில் கதவு இருந்த அடையாளமும் இல்லை. நிராகரிக்கப்படுவதும் ஓர் உரிமை. அந்த உரிமையை வேலிடேஷன் எடுத்துக்கொண்டுவிட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

‘இந்து என்று போட்டுவிட்டுப் போ’ என்று பிரவுசிங் கடைக்காரரே சொன்னார். நல்ல எண்ணத்தில்தான். நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர், திங்கட்கிழமைக்கு ஒரு பெயர்! கோயில் பதிவேட்டில் அந்தோணி, பள்ளிக்கூடத்தில் ஆறுமுகம். ஆனால் 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உண்மை எழுதினால் கட்டம் மறையும், பொய் எழுதினால் மோசடி. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், அங்கே போய் நிலமும் கடையும் உள்ளவர்களோடு அவன் மோத வேண்டும். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆணையத்துக்கு மேல் ஆணையமாக 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொன்றும் அமைத்தார்கள். மூன்றாவது பத்தி அப்படியே இருக்கிறது.

இங்கே என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கவுண்டரில் நானும் ஒரு வேலிடேஷன்தான். ஆதாரில் ஓர் எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து என்று ஒரு பாட்டியை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பெயர் கட்டாயம் என்று திரை அடம்பிடிக்கும்போது அப்பன் பெயரை அங்கே திணித்திருக்கிறேன். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை வெட்டி எறிந்த மண் இது. வடக்கே எங்கோ எழுதிய ஸ்கீமா, பெயருக்குப் பின்னால் என்னடா வால் என்று தினமும் நம்மைக் கேட்கிறது. நானும் பதில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

பட்டியலே வேண்டாம், அவரவர் விருப்பம்போல எழுதட்டும் என்பது தீர்வா? அதையும் பார்த்தோம். 2011-இல் நடந்த சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில் அப்படி எழுதினார்கள். 1931-இல் 4,147 ஆக இருந்த சாதிகள் 46 லட்சத்தைத் தாண்டிவிட்டன, குழப்பம், பயன்படுத்த முடியாது என்று 2021-இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. ஒரே பெயரைப் பத்து விதமாக எழுதினால் பத்து சாதி. சாதி விவரங்கள் வெளியே வரவே இல்லை. மூடிய பட்டியல் நம்மை மறைக்கிறது, திறந்த கட்டம் நம்மைக் குப்பையாக்கி மூட்டை கட்டி வைக்கிறது. இரண்டும் வேண்டும்: பட்டியலும் வேண்டும், பட்டியலில் இல்லாதவர் தன் பெயரைத் தானே எழுத இடமும் வேண்டும், எழுதியதை எந்தப் பெயரோடு சேர்த்தார்கள் என்பது எல்லோரும் பார்க்கும்படி இருக்கவும் வேண்டும்.

பெயர்க் கட்டத்துக்காக நம் முன்னோர் சண்டை போட்டது பழைய கதை. சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியச் சொன்னவர் அயோத்திதாசப் பண்டிதர். 1922-இல் எம்.சி. ராஜா சட்டசபையில் போராடித்தான் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று பதிவேட்டில் எழுதவைத்தார். பதிவேட்டின் தலைப்பு நம்முடையதாக இல்லாவிட்டால் உள்ளே எழுதுவது யாருக்கோ என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது அடுத்த பதிவேடு வருகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் எடுப்போம் என்று 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு அறிவித்தது. நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1 கணக்கு நாள். காகிதத்துக்குப் பதில் செல்போன் செயலி. 2011-இல் காகிதத்தோடு வந்தவர்களுக்கே இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர யாரையும் பட்டியல் சாதி என்று குறிக்கக் கூடாது என்றுதான் உத்தரவு. ஆனால் காகிதத்தில் ஓரம் இருந்தது. வீட்டுக்காரம்மா சத்தம் போட்டால் கணக்கெடுப்பவர் ஓரத்தில் ஏதாவது கிறுக்கி வைப்பார். செயலிக்கு ஓரம் கிடையாது.

ஆகவே மாணவத் தோழர்கள், குறிப்பாகக் கம்ப்யூட்டர் படிக்கிறவர்கள், கேட்க வேண்டியது இது. அரசு பாரங்களின் ஸ்கீமாவையும் அதன் நிபந்தனை வரிகளையும் முன்கூட்டியே தமிழில் வெளியிடு. 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, அலுவலகம் எந்த விதிகளை வைத்து வேலை செய்கிறதோ அவற்றைத் தானாகவே வெளியிடச் சொல்கிறது, பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லச் சொல்கிறது. சர்வரில் உட்கார்ந்திருக்கும் விதியும் விதிதான். அப்புறம், எந்த பாரமும் விண்ணப்பத்தை வாங்காமல் துரத்தக் கூடாது. வாங்கு, எண் கொடு, பிறகு நிராகரிப்பதானால் எழுத்தில் நிராகரி. சட்டத்துக்கு ஒவ்வாத பதிலைச் சட்டம் படித்த மனிதன் ஒருவன் கையெழுத்துப் போட்டு மறுக்கட்டும்.

பையன் அன்றைக்கு இந்து என்று போடவில்லை. இரண்டு திரையையும், பட்டியல் சாதி இருந்ததையும் இல்லாததையும், செல்போனில் படம் எடுத்தோம். வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதினான்: மதம் கிறிஸ்தவர், சாதி ஆதிதிராவிடர். படங்களைப் பிரிண்ட் போட்டுச் சேர்த்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். போய்ச் சேர்ந்துவிட்டது என்று மறுநாள் மெசேஜ் வந்தது. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.