அடிச்சட்டம் மாறினால் வண்டி மாறுமா?

ஜீப்பில் எது உயிர் என்று பட்டறையில் கேட்டுப் பாருங்கள். இளைஞன் என்ஜின் என்பான். தலை நரைத்த மேஸ்திரியோ குனிந்து வண்டியின் அடிப்பக்கத்தைக் காட்டுவார். அங்கே சேற்றிலும் எண்ணெயிலும் மறைந்து கிடக்கும் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களுமே சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டம். நான் மேஸ்திரியின் கட்சி. ஆனால் அவருக்கு நம் சட்டப் புத்தகத்தில் இடமில்லையே என்பதுதான் என் மனக்குறை.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு ஜீப்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விடியுமுன் கூடலூரிலும் கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் தூக்குச்சட்டியுடன் காத்திருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்ற வண்டி அது. 1941இல் போருக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பின் வம்சம். மலைக்காட்டு ஈரம் அதன் இரும்பைத் தின்றுவிடுகிறது. தகடு போனால் தகடு; என்ஜின் போனால் வேறு என்ஜின்; இப்படியே மாற்றி மாற்றி, ஒருநாள் அடிச்சட்டமும் அற்றுப்போகிறது. அப்போது வண்டிக்காரர் பட்டறைக்கு வந்து, "அண்ணே, சேஸ் ஒண்ணு அடிச்சுத் தாங்க" என்கிறார்.

அது எளிய வேலையா? உடற்கூட்டைத் தூக்கி மரக்கட்டைமேல் நிறுத்த வேண்டும். என்ஜினும் கியர்ப் பெட்டியும் சங்கிலிக் கப்பியில் தொங்கும். பழைய சட்டத்தைத் தரையில் கிடத்தி ஒவ்வொரு துளையையும் அளந்து குறிக்க வேண்டும்; துருப்பிடித்து வளைந்த சட்டத்தை அப்படியே நகலெடுத்தால் அதன் கோணலும் சேர்ந்து வந்துவிடும். ஆகவே மேஸ்திரி ஒரு நூலை எடுத்து மூலைக்கு மூலை பிடிக்கிறார். இரு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால்தான் சட்டம் நேர். நாம் எட்டாம் வகுப்பில் படித்து மறந்த வடிவியல் அது! சிறிது பிசகினாலும் வண்டி நண்டுபோல் சாய்ந்து ஓடும்; டயர் ஒருபக்கமாகத் தேயும்.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் முறுக்கு. கொண்டை ஊசி வளைவில் ஒரு சக்கரம் மேட்டிலும் அதன் எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்திலும் நிற்கும்போது சட்டம் துணி பிழிவதைப்போல் முறுக்கப்படுகிறது. ஒரே எடையுள்ள இரும்பில் செய்தாலும், நாற்புறமும் மூடிய பெட்டிக் குழாய், திறந்த சேனலைவிடப் பன்மடங்கு முறுக்கைத் தாங்கும். ஆனால் பெட்டிக்குள் நீர் புகுந்தால் வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும். வெல்டிங்கிலும் சூட்சுமம் உண்டு. சட்டத்தை ஒட்டுப்போடும்போது நேர்செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்ட வேண்டும். சூடு பட்ட இடத்தருகேதான் விரிசல் தொடங்கும். சட்டத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளையிடலாகாது, நடுத்தகட்டில் இடலாம். காரணத்தை நாம் சூத்திரத்தால் சொல்வோம். மேஸ்திரி, "அங்க போட்டா ஒடியும் தம்பி" என்று முடித்துவிடுவார்.

இத்தனை கவனமாகச் செய்த சட்டத்துக்கு முகவரி கிடையாது. வண்டியின் அடையாளம் சேஸிஸ் எண்ணில் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அதைப் பொறிப்பவர் தயாரிப்பாளர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. புதிதாக ஒரு வண்டி செய்தாலோ 126ஆம் விதிப்படி மாதிரி வண்டியைச் சோதனை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் ஆலைக்கு அது பொருந்தும். கொட்டகையில் ஒரே ஒரு வண்டி கட்டுபவனுக்கு?

விளைவு என்ன? பழைய சட்டத்தில் எண் இருக்கும் துண்டை மட்டும் வெட்டிப் புதியதில் ஒட்டிவிடும் ஆசை பிறக்கிறது. அது குற்றம், நான் அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. திருட்டு வண்டிக்கும் அதே தந்திரம்தான் முகமூடி. "அப்படியானால் சட்டம் கடுமையாக இருப்பதே நல்லது" என்று ஆசிரியர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். மலைச்சாலையில் பெண்களை நெருக்கி ஏற்றிச் செல்லும் வண்டி என்பதால் அவர் வாதத்தை நான் தள்ளவில்லை. எனினும் மறைவாகச் செய்த வெல்டிங்கை எந்த பிரேக் இன்ஸ்பெக்டர் சோதிக்க முடியும்? கடுமை வேண்டும், அது சோதனையில் இருக்கட்டும்.

பிற நாட்டில் வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் 1957இல் வந்த லோட்டஸ் செவன் காரை உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டார்கள். முழுக் காருக்குரிய கொள்முதல் வரி அதற்கு இல்லை. திருத்திக் கட்டிய வண்டிகளுக்கு அங்கே நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு இருந்தது. பழைய பதிவெண் நிலைக்க எட்டுப் புள்ளி தேவை. அதில் அடிச்சட்டத்துக்கு ஐந்து, என்ஜினுக்கு ஒன்றே ஒன்று! நம் மேஸ்திரி கேட்டால் மகிழ்வார். தேறாத வண்டியைத் தனி வண்டிச் சோதனைக்கு உட்படுத்திப் புது அடையாளம் கொடுத்தார்கள்.

நம் நாட்டிலோ, கோவை ஜி.டி. நாயுடு 1952இல் 2,000 ரூபாயில் இருவர் செல்லும் கார் செய்துகாட்டியும் அரசு உரிமம் கிடைக்கவில்லை. மகாராட்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஒரு கொல்லர் பழைய இரும்பில் உதைத்துக் கிளப்பும் சிறு ஜீப் செய்தார். அது விதிக்கு ஒவ்வாது என்பதால் மகிந்திரா நிறுவனம் 2022இல் அதைப் பெற்றுக்கொண்டு அவருக்கு ஒரு பொலீரோவைக் கொடுத்தது. நல்ல செயல்தான். ஆனால் அவர் செய்த வண்டி காட்சிப் பொருளாயிற்று. அவர் ஓட்டுவது ஆலை செய்த வண்டி.

நான் கேட்பது பெரிதன்று. போடிநாயக்கனூரில் அரசு பொறியியற் கல்லூரி இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அதன் துணையோடு மாதம் ஒருநாள் ஒதுக்கட்டும். பட்டறைக்காரர் புதிய சட்டத்தை வண்ணம் பூசாமல், வெல்டிங் தெரியக் கொண்டுவரட்டும். மூலைவிட்டம் அளந்து, விரிசல் பார்த்து, எடை ஏற்றி, லோயர்கேம்ப்பிலிருந்து குமுளி வரை ஓட்டிப் பார்க்கட்டும். தேறினால் அரசே ஒரு எண் பொறிக்கட்டும். பக்கத்திலேயே செய்தவர் பெயரும் இருக்கட்டும். தேறாவிட்டால் அங்கேயே அறுத்துப் போடட்டும்.