தனிமை உண்டு, ஏகாந்தம் இல்லை

சினிமாப் படங்களில் ஆண் பெண் உறவு பேசப்படும் போதெல்லாம், ஒழுக்கம் கெட்டுவிட்டது என்ற கூக்குரல் எழுகிறது. ஆபாசத்தையே கடைவிரிக்கும் படங்களுக்காக நாம் வாதாட வரவில்லை. ஆனால், நகர வாழ்க்கையில் அன்புக்கு நேர்ந்துள்ள இடுக்கணை எடுத்துக் காட்டும் படங்களையும் அவற்றோடு சேர்த்துத் தூற்றுவது நியாயமன்று என்பது நமது அபிப்பிராயம்.

மும்பை நகரைப் பற்றிய மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம். 1972-ல் வெளிவந்த 'பியா கா கர்' என்னும் ஹிந்திப் படத்தில், நெருக்கடியான குடியிருப்பில் வாழும் கூட்டுக் குடும்பத்தில் புதுமணத் தம்பதிகளுக்குச் சமையற்கட்டே பள்ளியறை. முறைப்படி மணந்த மனைவியோடு மனம்விட்டுப் பேசவும் கணவனுக்கு இடமில்லை. 1977-ல் வந்த 'கரோண்டா'வில், ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும் காதலர் இருவர் வீட்டுக்கென்று சேர்த்த பணம் மோசடியில் போய்விடுகிறது. நோயாளியான முதலாளியை மணந்துகொண்டால் அவருக்குப் பின் சொத்து நமக்காகும் என்று காதலியிடமே சொல்லும் அளவுக்குக் காதலனின் உள்ளம் திரிந்துவிடுகிறது.

மூன்றாவது, பாயல் கபாடியா இயக்கி, 2024-ல் கான் பட விழாவில் கிராண்ட் ப்ரீ பரிசு பெற்ற 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்'. அதில் மலையாள நர்ஸுகள் இருவர் ஒரே வீட்டில் வசிக்கின்றனர். மூத்தவளின் கணவன் ஜெர்மனியில் இருக்கிறான். அந்நாட்டிலிருந்து சோறு சமைக்கும் குக்கர் ஒன்று வருகிறது. அன்பான ஒரு வார்த்தை வரவில்லை. இளையவளுக்குக் காதலன் உண்டு. அவனோடு தனித்திருக்க ஓர் அறை இல்லை. ஆஸ்பத்திரிச் சமையற்காரியான விதவையோ, குடியிருந்ததற்குப் பத்திரமில்லாமல் வீட்டை இழந்து, ரத்னகிரிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துக்குத் திரும்புகிறாள். நர்ஸுகளும் உடன் செல்கின்றனர். நகரைவிட்டு அகன்ற பிறகே காதலருக்குத் தனித்திருக்க இடம் கிட்டுகிறது.

ஐம்பது ஆண்டுகள் கடந்தும் குறை ஒன்றே. தனிமை வேறு, ஏகாந்தம் வேறு. துணையின்றி வாடுவது தனிமை. பிறர் கண் படாமல் இருக்க வாய்ப்பது ஏகாந்தம். நகரம் முன்னதை வாரி வழங்குகிறது. பின்னதைப் பணக்காரருக்கு மட்டுமே விற்கிறது. இட நெருக்கடியால் இளைஞர்கள் கடற்கரைக் கற்களில் அமர்ந்தால் ஊரார் ஏசுகின்றனர். 2015 ஆகஸ்டில் மும்பையின் மட் தீவுப் பக்கத்து விடுதிகளில் தங்கியிருந்த ஜோடிகளைப் போலீஸார் பிடித்துச் சென்று அபராதம் விதித்தனர். வயது வந்தவர்கள் மூடிய கதவுக்குள் இருந்தது எந்த ஒழுக்கத்தைக் கெடுத்தது என்று கேட்கிறோம்.

காட்சிகளை வெட்டுவதால் இந்தக் குறை தீராது. உழைப்பவர் வாடகைக்கு வீடுகளும், வெளியூரிலிருந்து வரும் ஸ்திரீகளுக்கு மரியாதையான விடுதிகளும் கட்டித் தருவது சர்க்காரின் கடமை. நகரசபைகளின் கடமையும் அதுவே. பெண்ணின் மன ஏக்கத்தைக் குற்றமென எண்ணாதிருப்பது நம் அனைவரின் கடமை. முகத்திலுள்ள கறையைக் காட்டிய கண்ணாடியை உடைப்பதால் முகம் சுத்தமாகாது.