நாராயண பிள்ளைக்கு முகம் வரைந்தது யார்?

2019-இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நான்கு சிலைகளை நிறுத்தினார்கள். சாங் நீல உத்தமா, டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா, அப்புறம் நம்ம நாராயண பிள்ளை. பெருமையாகப் படம் எடுத்துப் போட்டோம். அந்த முகம் யாருடையது என்று கேட்டோமா? பிள்ளையின் உருவப்படம் எதுவும் நம்மிடம் இல்லை. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல், அவர் இங்கே வந்து இருபது வருஷம் கழித்து. சிற்பி என்ன செய்வார், பாவம்.

முகத்தை விடுங்கள். கதையிலும் இதைத்தான் செய்கிறோம்.

பிள்ளையின் கோயில் இருப்பது சைனாடவுனில். கதை புழங்குவது சிராங்கூன் சாலையில். "முதல் இந்தியர் அவர்தான், ராஃபிள்ஸோட வலது கை" என்பார்கள். 1819 ஜனவரி கடைசியில் ராஃபிள்ஸ் முதல்முறை வந்தபோதே இந்தியச் சிப்பாய்கள் கூட வந்தார்கள். பினாங்கில் அரசாங்க எழுத்தராக இருந்த பிள்ளை வந்தது இரண்டாம் வருகையில், மே மாதக் கடைசியில், இந்தியானா கப்பலில். இங்கே செங்கல் சூளை வைத்தார். துணிக்கடை வைத்தார், 1822-இல் அது தீயில் போனது. இந்தச் சாதாரண மனிதரே எனக்குப் போதும்.

சிலர் அவரை நீதிபதி என்றே சொல்லிவிடுகிறார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்குத் தலைவராக அரசு அவரை வைத்தது, சச்சரவுகளைத் தீர்க்கச் சொன்னது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு தலைவர் என்பது அன்றைய ஆட்சியின் சிக்கனமான ஏற்பாடு. 1826 சாசனம் பிரிட்டிஷ் நீதிமன்றத்தை இங்கே கொண்டுவந்ததும் அப்படிப்பட்ட அதிகாரங்களுக்கு இடமில்லாமல் போனது.

மாரியம்மன் கோயில் கதைதான் இன்னும் சுவாரசியம். கோபுரத்தைக் காட்டி "பிள்ளை கட்டினது" என்கிறோம். 1827-இல் அவர் எழுப்பியது மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன கோயில். முதல் கோபுரம் வந்தது 1903-இல். கோயிலுக்குள்ளேயே ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1831-இல் நிலம் கொடுத்த சேஷாசலம் பிள்ளையைப் பற்றி அது பேசுகிறது. கல்லில் இருப்பவர் ஒருத்தர், நம் வாயில் இருப்பவர் இன்னொருத்தர்!

சின்ன விஷயம்தானே, கொஞ்சம் மிகைப்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். இந்த மிகைக்கு ஒரு திசை இருக்கிறது. வெள்ளைக்காரனோடு கப்பலில் வந்த, பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' உள்ள, கடை வைத்த, கோயில் கட்டிய ஒருவர் நமக்கு மூதாதையாக வேண்டும். 1825-இல் பென்கூலனிலிருந்து இறக்கப்பட்ட இந்தியக் கைதிகள் வேண்டாம். சாலை போட்டதும் சதுப்பைத் தூர்த்ததும் அவர்கள்தான். இத்தனைக்கும் அவர்களைப் பற்றி எழுத்தில் நிறையவே இருக்கிறது. கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மக்நேர் 1899-இல் ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார், கைதிகளின் படங்களோடு. அதாவது, முகம் இருப்பவர்களை மறந்துவிட்டு, முகம் இல்லாதவருக்கு ஒன்றைச் செய்து வைத்திருக்கிறோம்.

பிள்ளையைக் கீழே இறக்கச் சொல்லவில்லை. அடுத்த தடவை யாராவது "ராஃபிள்ஸோட வந்த முதல் தமிழர்" என்று மேடையில் ஆரம்பித்தால், எந்த மாதம், எந்தக் கப்பல் என்று கேளுங்கள். அப்படியே அந்தக் கைதிகளின் உழைப்பில் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் போய்ப் பாருங்கள். சிலைகள் நின்ற ஆற்றங்கரையிலிருந்து நடந்தே போகலாம்.