ஆனியில் முதுவேனிலா?

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். தமிழ் பயின்றவர் எவரும் இந்த ஆறு பெரும்பொழுதுகளையும் உறக்கத்திலும் ஒப்பிப்பர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். இப்படியே இரண்டிரண்டாக எண்ணிக்கொண்டு போனால் ஆனியும் ஆடியும் முதுவேனிலில் சென்று முடியும். அதாவது கடுங்கோடை. நாகர்கோவில் வட்டாரத்து மாணவர்கள் இதைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றுச் செல்கிறார்கள். ஆனால் ஆனி மாதத்தில் இந்தப் பாடத்தை நடத்துவதென்றால் வகுப்பறைச் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் நடத்த வேண்டும். சாரல் உள்ளே அடிக்கும்.

மாநிலத்தின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது வடகிழக்குப் பருவக்காற்று. குமரி மாவட்டத்தின் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை கடலை நோக்கிச் சரிந்து முடியும் இடத்தில், அதன் மேற்குப் புறத்தில் அமைந்த மண் இது. தென்மேற்குக் காற்றும் வடகிழக்குக் காற்றும் ஏறத்தாழச் சமபங்கு மழையை இங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. நனைந்துகொண்டே நாகர்கோவிலில் பேருந்து ஏறி ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து பாருங்கள். முப்பந்தலில் காற்றாலைகள் வெறிகொண்டு சுழன்றுகொண்டிருக்கும். தரையோ காய்ந்து கிடக்கும். அரை மணி நேரப் பயணத்தில் பருவமே மாறிவிடுகிறது.

இரண்டு மழை என்று சொன்னேன். எண்ணிக்கையில் மட்டும் அல்ல, குணத்திலும் அவை இரண்டுதான். வைகாசி நடுவில் தொடங்குவதை இங்குள்ள முதியோர் இடவப்பாதி என்பர் (இடவம் என்பது கொல்லம் ஆண்டின் கணக்கில் வைகாசி). கடலிலிருந்து வரும் இந்த மழைக்கு ஆரவாரம் குறைவு. இடியும் அதிகம் இராது. சாம்பல் நிற வானம் இறங்கிவந்து கூரையின்மேல் உட்கார்ந்துகொள்ளும். இரவென்றும் பகலென்றும் பாராமல் பெய்யும், நிற்கும், மீண்டும் பெய்யும். துவைத்த துணி மூன்று நாள் கொடியில் கிடந்தும் ஈர வாடை போகாது. துலா மாதத்து மழை, அதாவது ஐப்பசி மழை, இதற்கு நேர் எதிர். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். பிற்பகலில் மலைப்பக்கம் கறுக்கும். பள்ளி விடும் நேரத்துக்குச் சரியாக இடியும் மின்னலுமாக வந்து கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். முன்னது வாரக்கணக்கில் தங்கும் விருந்தாளி என்றால் பின்னது சண்டை போட வந்த உறவுக்காரர்.

இவ்விரண்டுக்கும் நடுவே, நூல்கள் கார் என்று சொல்லும் ஆவணியில், இங்கே மழை சற்றே ஓய்கிறது. அண்டை மலையாளத்தில் ஓணவெயில் என்றொரு அழகான சொல்லே உண்டு. தலைவன் மழையோடு திரும்பி வருவான் என்று முல்லை நிலத்துத் தலைவி காத்திருக்கும் மாதத்தில், நாஞ்சில் நாட்டுக்காரன் மழை விட்டதென்று நெல்லறுக்க ஆயத்தமாகிறான்! பனிக்காலம் இரண்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மார்கழி விடியலில் சற்றுக் குளிரும், அவ்வளவுதான். பங்குனி, சித்திரையில் கோடைமழை வந்துவிடும். அதற்குமுன் பலாப்பழத்தைத் தின்றுவிட வேண்டும். மழை குடித்த பலாவில் இனிப்பு நிற்பதில்லை.

என் வியப்பெல்லாம் உழவரின் காலக்கணக்கைப் பற்றியதே. இங்கே போகத்தைப் பூ என்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு. விதைக்கும் மாதத்தால் அன்றி அறுக்கும் மாதத்தால் அமைந்த பெயர்கள் இவை. கன்னி என்பது புரட்டாசி, கும்பம் என்பது மாசி. இரண்டுமே மழைகளுக்கு இடைப்பட்ட வறண்ட இடைவெளிகளை ஒட்டியவை. நெற்கதிர் எப்போது நனையாமல் களத்துக்கு வரும் என்பதைப் பெயரிலேயே முடிந்து வைத்திருக்கிறார்கள். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும் இந்தக் கணக்குக்கே கட்டுப்படுகிறது. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறந்து பிப்ரவரி இறுதியில் அடைக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டு இலக்கணம் சொல்லாத ஒரு பருவ இலக்கணம் இது.

இங்கே அன்பர்கள் மறுக்கக்கூடும். திணைக் கோட்பாடு கவிதை மரபு. அதை வானிலை அறிக்கையோடு ஒப்பிடுவது முறையா? முறையன்றுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொல்காப்பியர் பொழுதுகளின் பெயர்களைச் சொன்னாரே தவிர மாதங்களைச் சொல்லவில்லை. மாதங்களைப் பகிர்ந்து கொடுத்தவர்கள் உரையாசிரியர்கள். நிலம் மயங்காது, காலம் மயங்கலாம் என்று இடம் விட்டவரும் தொல்காப்பியரே என்பது உரைகாரர் கொண்ட பொருள். (நச்சினார்க்கினியர் ஆண்டைச் சிங்கவோரையில், அதாவது ஆவணியில் தொடங்குவதும், கொல்லம் ஆண்டு இங்கே சிங்க மாதத்தில் தொடங்குவதும் தனியே ஆராயத்தக்கவை.) நூலாசிரியர் நெகிழ்வாக விட்டதைப் பாடநூல்தான் இறுக்கிப் பூட்டிவிட்டது. கவிதைக்கு உரிய பொழுதை இயற்கைக்கு உரிய பொழுதாகக் கற்பிப்பதையே நான் மறுக்கிறேன்.

இது வெறும் புலமைச் சண்டை அன்று. குமரியில் வயல்கள் வாழைத் தோட்டமாகவும், தென்னந்தோப்பாகவும், மனைகளாகவும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. குளங்கள் பல சுருங்கின. சில மறைந்தே போயின. நெல் போனால் பூவும் போகும். இன்று இருபது வயதுப் பிள்ளைகளிடம் கும்பப்பூ என்றால் எந்தச் செடியில் பூக்கும் என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. வீட்டில் அந்தச் சொல் இல்லை. வகுப்பிலும் நாம் தரவில்லை. இடவப்பாதி என்ற சொல்லை இழந்தவனுக்கு, ஜூன் மாதத்தில் எந்த ஓடை நிறையும், எந்தத் தாழ்நிலத்தில் வீடு கட்டக்கூடாது என்பதும் மறந்துபோகிறது. சென்னையிலிருந்து பார்ப்பவர்களுக்கோ இப்படி ஒரு மழை இருப்பதே நினைவில் இருப்பதில்லை. 2023இல் வெயிலைக் காரணம் காட்டி மாநிலம் முழுவதும் பள்ளித் திறப்பை ஜூன் 12க்குத் தள்ளினார்கள். தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொட்டது ஜூன் 8.

மீன்வளத் துறை இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதே மாவட்டத்துக் குளச்சலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு கடற்காலங்கள் உண்டென்று அரசாணையே ஒப்புக்கொள்ளும்போது தமிழ்த்துறைக்கு என்ன தயக்கம்?

பெரும்பொழுதைப் பாடத்திலிருந்து நீக்கச் சொல்லவில்லை. பக்கத்திலேயே இன்னொரு வினாவையும் வைக்கலாம் என்கிறேன்: உன் ஊரில் மழை எந்தெந்த மாதத்தில், எந்தத் திசையிலிருந்து வருகிறது, அதற்கு வீட்டில் என்ன பெயர்? குளச்சல் மாணவன் ஒன்று எழுதுவான். அகஸ்தீசுவரத்தான் வேறொன்று எழுதுவான். குலசேகரத்துப் பெண்ணொருத்தி, தை மாதத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்பதை ஏழாவது பெரும்பொழுதாக எழுதினாலும் எழுதுவாள். அதற்கு மதிப்பெண் குறைக்க எனக்குக் கை வராது.