படம் திருத்தும் மென்பொருளுக்கு முதல் போடலாமா?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கேமரா பிடிக்கப் பழகி, கடைச் சரக்கையும் விசேஷ வீடுகளையும் படம் எடுக்கின்றனர். படம் திருத்தும் மென்பொருளுக்கும் பணம் போட வேண்டுமா என்று கேட்கின்றனர்.

அவசியம் கற்கட்டும், எடுத்த எடுப்பில் பணம் போட வேண்டாம் என்பதே நமது கருத்து. பிலிம் காலத்திலேயே ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்தனர். ஆகவே திருத்துவதும் தொழிலில் ஒரு பகுதியே. 1990-ல் வந்த போட்டோஷாப்பை ஒரே முறை விலை கொடுத்து வாங்கிய காலம் உண்டு. 2013 முதல் அதன் புதிய பதிப்புகளுக்குச் சந்தா கட்ட வேண்டும். 1996-ல் வெளிவந்த 'கிம்ப்' மென்பொருளோ இன்றும் இலவசம். விற்பனை தெரியாமல் நாம் குடோனை நிரப்புவோமா? முதலில் கிம்ப்பில் பழகட்டும். திருத்தும் வேலைக்கென்று கூலி வரத் தொடங்கியதும் சந்தா கட்டலாம்.

ஓர் எச்சரிக்கை. நம் கடைப் பையன் துவரம் பருப்புப் படத்தில் மஞ்சளைக் கூட்டி அனுப்பிவிட்டான். சிப்காட் பகுதி கேண்டீன் ஒன்று மூட்டைகளைத் திருப்பியது. இருபுற லாரி வாடகையும் நம் தலையில் விழுந்தது. தவறு நம்முடையதே. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, சொன்ன விவரத்துக்குச் சரக்கு ஒத்திருக்க வேண்டும். எனவே இருட்டான படத்தை வெளிச்சமாக்கலாம். ஆனால் சரக்கு மாதிரியைப் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிட்ட பிறகே அனுப்ப வேண்டும். பிள்ளைகளுக்கு இதை முதல் பாடமாகச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.