சுரங்கத்துக் கிழவர்களுக்குக் கொடுத்த வாக்கு



இந்த நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்த எங்கள் ஆட்களுக்கு இப்போது ஒரு புதிய மதிப்பு வந்திருக்கிறது. தேர்தல் கிட்ட வந்தால் வேட்பாளர்கள் கோயில் திருவிழாவுக்கு வருகிறார்கள். பொங்கல் விழாவில் மாலை போட்டுக்கொண்டு கைகூப்பி "வணக்கம்" என்கிறார்கள். நாங்களும் பக்கத்தில் நின்று படம் எடுத்துச் சந்தோஷப்படுகிறோம். அது நல்லதுதான். ஆனால் ஒருவர் தன்னை அனுப்பிய சனத்துக்கு என்ன செய்தார் என்பதை எதை வைத்து அளப்பது? படத்தை வைத்தா, பேச்சை வைத்தா?

இம்முறை அமெரிக்காவில் ஒரு செனற்றரின் முப்பது வருடக் கணக்கைப் பார்ப்போம். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. இயந்திரத்துக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நிற்பவன். அந்த இடத்தில் நின்றுதான் இந்தக் கணக்கையும் பார்க்கிறேன்.

அமெரிக்க செனற் சபையில் 100 பேர். சிறிய மாநிலமோ பெரிய மாநிலமோ, ஆளுக்கு இரண்டு ஆசனம். ஒருமுறை தெரிவானால் ஆறு வருடம். மேற்கு வேர்ஜீனியா என்ற மலைநாட்டு மாநிலத்தில் இருந்து 1985 முதல் 2015 வரை அங்கே இருந்தவர் ஜே றொக்பெல்லர். பெயரைக் கேட்டதும் சிலருக்கு விளங்கியிருக்கும். ஸ்ரான்டர்ட் ஒயில் கொம்பனியை உருவாக்கி, எண்ணெயில் உலகப் பணக்காரரான ஜோன் டி. றொக்பெல்லரின் பூட்டப்பேரன் இவர். நியூயோர்க்கில் பிறந்தவர். 1964 இல், வறிய இடங்களில் தொண்டு செய்யும் அரசாங்கத் திட்டமொன்றின் கீழ் எமன்ஸ் என்ற சிறிய சுரங்கக் கிராமத்துக்கு வந்தார். வந்தவர் திரும்பிப் போகவில்லை. பிறகு 1977 முதல் 1985 வரை அந்த மாநிலத்தின் ஆளுநர், அதன்பின் செனற்றர்.

தேர்தலுக்குத் தன் சொந்தக் காசைக் கோடிக்கணக்கில் கொட்டினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதைப் பலர் குறை சொன்னார்கள். அதில் நியாயமும் உண்டு.

வைத்தியச் செலவு யார் பொறுப்பு?

இவருடைய கணக்கில் நான் முதலாவதாக எழுதுவது 1992 இல் வந்த ஒரு சட்டத்தை. அதற்கு முன்கதை இருக்கிறது.

1946 இல் சுரங்கத் தொழிலாளர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜனாதிபதி ட்ரூமன் சுரங்கங்களை அரசாங்கத்தின் கையில் எடுத்தார். பிறகு தொழிற்சங்கத் தலைவர் ஜோன் எல். லூயிசும் அரசாங்கமும் ஒப்பந்தம் செய்தார்கள். வெட்டும் ஒவ்வொரு தொன் கரிக்கும் ஐந்து சதம் ஒரு நிதிக்குப் போகவேண்டும், அதிலிருந்து தொழிலாளர் குடும்பங்களின் நலன் பார்க்கப்படவேண்டும் என்பது அதில் முக்கியமானது. வேலை செய்யும்போதும் ஓய்வுபெற்ற பின்னும் வைத்தியம் உண்டு என்ற நம்பிக்கையில்தான் சனம் நிலத்துக்குக் கீழே போனது. தூசி நெஞ்சில் படிந்து மூச்சு எடுக்க முடியாமல் போகும் தொழில் அது.

காலம் போகப் போக கொம்பனிகள் சில மூடிவிட்டன. சில தொழிற்சங்க ஒப்பந்தத்தை விட்டு விலகின. அவர்களிடம் வேலை செய்து களைத்தவர்களின் செலவை மிஞ்சிய கொம்பனிகள் சுமக்க வேண்டிவந்தது. அவர்களும் முகம் சுழித்தார்கள். 1988 இல் பிற்ஸ்ரன் என்ற கொம்பனி ஓய்வுபெற்றவர்கள், விதவைகள், ஊனமுற்றவர்கள் என்று சுமார் 1,500 பேரின் வைத்திய உதவியை நிறுத்தியது. தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து 1990 இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஆனால் நிதியின் ஓட்டை அடைபடவில்லை.

றொக்பெல்லர் கொண்டுவந்த யோசனை எளிமையானது: ஒருவரை வைத்து வேலை வாங்கியது எந்தக் கொம்பனியோ, அது இன்று கரி வெட்டாவிட்டாலும் அவருடைய பங்கைக் கட்டவேண்டும். கொம்பனியே இல்லாமற் போய்விட்டால், கைவிடப்பட்ட சுரங்க நிலங்களைத் திருத்துவதற்கென இருந்த நிதியின் வட்டியிலிருந்து உதவி வரும். இந்த ஏற்பாடு இருந்த ஒரு வரிச் சட்டத்தை 1992 மார்ச்சில் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் (தகப்பன்) தடுத்துவிட்டார். றொக்பெல்லர் விடவில்லை. அதே வருடம் பெரிய எரிசக்திச் சட்டம் ஒன்று வந்தது. ஜனாதிபதிக்கு அது தேவை. அதற்குள் இந்த ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். ஒக்ரோபரில் அதே புஷ் கையெழுத்திட்டார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்களினதும் குடும்பத்தவரினதும் வைத்தியம் காப்பாற்றப்பட்டது.

எல்லாம் சுபம் என்று முடியவில்லை. 1965 இலேயே சுரங்கத் தொழிலை விட்ட ஒரு கொம்பனி வழக்குப் போட்டு 1998 இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. பின்னாளில் வேறு கொம்பனிகள் முறிந்தன. 2017 இலும் 2019 இலும் மறுபடி சட்டம் செய்தே வைத்தியத்தையும் ஓய்வூதியத்தையும் காக்கவேண்டி வந்தது. கொடுத்த வாக்கைக் காவல் காக்க எப்போதும் ஒருவர் வேண்டும் என்பதுதான் இதில் பாடம்.

பெயரில்லாத வருத்தம்

1991 வளைகுடா யுத்தத்துக்கு ஏறக்குறைய ஏழு லட்சம் அமெரிக்கப் படையினர் போனார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்கு உடல்நோ, களைப்பு, ஞாபகமறதி. வைத்தியர்களால் இன்ன நோய் என்று சொல்ல முடியவில்லை. நோய்க்குப் பெயர் இல்லாவிட்டால் நட்ட ஈடும் இல்லை. "மனக்கவலை" என்று சொல்லி அனுப்பினார்கள்.

1993 இல் றொக்பெல்லர் முன்னாள் படையினர் விவகாரக் குழுவின் தலைவரானார். 1994 நொவெம்பரில், பெயர் சொல்ல முடியாத நோய்க்கும் நட்ட ஈடு வழங்க வழிசெய்யும் சட்டம் வந்தது. அடுத்த மாதம் அவரது குழுவின் அறிக்கை வெளியானது. நச்சு வாயுவுக்குக் காப்பு என்று படையினருக்குக் கொடுத்த குளிசைகளை, அவர்களின் சம்மதம் கேட்காமலே கொடுத்ததை அது வெளியே கொண்டுவந்தது. 2008 இல் விஞ்ஞானிகள் குழு ஒன்று, இந்த நோய் உண்மையானது, அந்தக் குளிசைகளும் பூச்சிமருந்துகளும் காரணம் என்று அறிக்கை கொடுத்தது. பதினேழு வருடம்!

முதுகுநோவோடு வைத்தியரிடம் போய், "படத்தில் ஒன்றும் தெரியவில்லை" என்ற பதிலோடு மறுநாள் வேலைக்கு வந்த எத்தனை பேர் எங்களுக்குள் இருக்கிறோம்? இந்தச் சட்டத்தின் அருமை எங்களுக்கு விளங்கும்.

ஆனால் இதே மனிதர் 2002 இல் ஈராக் யுத்தத்துக்கு அனுமதி கொடுத்து வாக்களித்தார். பிறகு அது பிழை என்று சொன்னார். கணக்கில் அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு தொழிற்சாலை, ஒரு மலைநாடு

இளமையில் மூன்று வருடம் ஜப்பானில் படித்தவர் இவர். பாஷையும் பேசுவார். அந்தத் தொடர்பை வைத்து ரொயோட்டா கொம்பனியைப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 1996 இல் அவர்கள் பவலோ என்ற சிற்றூரைத் தெரிவு செய்தார்கள். 1998 இல் கார் இயந்திரங்கள் செய்யத் தொடங்கினார்கள். பிறகு பலமுறை பெருப்பித்தார்கள்.

நல்ல காரியம். ஆனால் அளவைப் பாருங்கள். 1950 அளவில் அந்த மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கரி வெட்டினார்கள். இன்று இருபதாயிரம் பேரும் இல்லை. அதில் பெரும்பங்கை விழுங்கியது இயந்திரம். பிறகு மலிவான எரிவாயுவும் வந்தது. ஒரு தொழிற்சாலையால் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது.

கரியைப் பற்றிய பேச்சு

1972 இல் ஆளுநர் பதவிக்கு முதன்முறை போட்டியிட்டபோது, மலையை மேலால் கிழித்துக் கரி எடுப்பதை எதிர்த்தார். ஆர்ச் மூர் என்பவரிடம் தோற்றார். அதன்பின் கரிக்குச் சார்பாகவே நெடுங்காலம் நடந்தார். தோல்வி அவருக்குப் பாடமா, பயமா என்பதை வாசகர்களே தீர்மானியுங்கள்.

2012 ஜூனில், கரி எரிக்கும் மின்நிலையங்களில் இருந்து வரும் பாதரச நச்சைக் கட்டுப்படுத்தும் விதிகளை நீக்க ஒரு தீர்மானம் வந்தது. றொக்பெல்லர் எழுந்து, கரி முதலாளிகள் சனத்தைப் பயமுறுத்துவதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள், உண்மையைச் சொல்லி அடுத்த காலத்துக்குத் தயார்ப்படுத்த மறுக்கிறார்கள் என்று பேசி, தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார். தீர்மானம் தோற்றது. அவருடைய ஊரில் பலருக்குக் கோபம். 2013 ஜனவரியில், இனிப் போட்டியிடமாட்டேன் என்று அறிவித்தார். 2014 இல் அந்த ஆசனத்தை வென்றவர் ஷெல்லி மூர் கப்பிற்றோ. 1972 இல் அவரைத் தோற்கடித்த அதே ஆர்ச் மூரின் மகள்!

நாங்கள் கேட்கவேண்டியவை

வேலை, முன்னாள் படையினர், எரிசக்தி என்று மூன்று பக்கமும் பார்த்தோம். கரிவேலை திரும்பி வரவில்லை. உண்மையை உரத்துச் சொல்லவும் நாற்பது வருடம் பிந்திவிட்டது. ஆனால் உழைத்துக் களைத்தவனின் மருந்துச் செலவு சட்டத்தில் ஏறியது. பெயரில்லாத வருத்தத்துக்கு ஒரு கதவு திறந்தது. என் தராசில் இந்தப் பக்கம்தான் பாரம்.

எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் ஏஜென்சி மூலம் வேலை செய்கிறார்கள். பத்து வருடம் ஒரே இடத்தில் நின்றாலும் பல்லுக்கும் கண்ணுக்கும் காப்புறுதி இல்லை, ஓய்வூதியம் இல்லை. "நீ எங்கள் ஆள் இல்லை, ஏஜென்சி ஆள்" என்று கொம்பனி சொல்லும். ஏஜென்சி நாளைக்குப் பெயரை மாற்றிக்கொள்ளும். வேலை வாங்கியவன்தான் பொறுப்பு என்ற அந்தச் சுரங்கத்துச் சட்டம் எங்களுக்குத் தூரத்துக் கதை அல்ல.

ஆகவே, அடுத்தமுறை மாலை போட்டுக்கொண்டு வேட்பாளர் வந்தால், படம் எடுத்தபின் ஒரு நிமிடம் நிறுத்திக் கேளுங்கள்: ஏஜென்சித் தொழிலாளிக்குக் காயம் பட்டால் யார் பொறுப்பு என்பீர்கள்? இதற்காக எந்தச் சட்டத்துக்கு வாக்களித்தீர்கள், எதற்கு எதிர்த்தீர்கள்? பதிலை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். நாலு வருடம் கழித்து அதே ஆள் திரும்பவும் வருவார்.